பிழைத்த பிறகு யார் பொறுப்பு?

1945 ஏப்ரல் 14. வடக்கு இத்தாலியின் மலைப்பகுதியில் ஜெர்மன் படையோடு நடந்த சண்டையில் 21 வயது அமெரிக்க லெப்டினன்ட் ஒருவர் வலது தோளில் அடிபட்டு விழுந்தார். தோள் எலும்பு நொறுங்கிவிட்டது. முதுகெலும்பிலும் சேதம். கைகால் அசையவில்லை. உடனிருந்த சிப்பாய் அவருக்கு மார்ஃபின் ஊசி போட்டார். போட்ட கையோடு, வழிந்துகொண்டிருந்த ரத்தத்தைத் தொட்டு லெப்டினன்டின் நெற்றியில் ‘எம்’ என்ற ஆங்கில எழுத்தை எழுதிவைத்தார். இவருக்கு மார்ஃபின் போட்டாயிற்று என்று அடுத்து வருகிறவருக்குச் சொல்லும் குறிப்பு அது. தெரியாமல் இன்னொரு ஊசி போட்டால் மூச்சு நின்றுவிடலாம். அவரை அங்கிருந்து தூக்கிச் செல்ல ஒன்பது மணி நேரம் ஆயிற்று.

அந்த லெப்டினன்டின் பெயர் பாப் டோல். பின்னாளில் செனட்டர் ஆனவர். 1996 அதிபர் தேர்தலில் பில் கிளின்டனை எதிர்த்து நின்றவர். அவருடைய அரசியல் இங்கே நமக்கு வேண்டாம். காயம்பட்ட உடலோடு சேர்ந்து அதைப் பற்றிய செய்தியும் பயணம் செய்தாக வேண்டும் என்பதை அந்த நெற்றி எழுத்து காட்டுகிறது. அதற்குப் பிந்தைய 80 ஆண்டுகளில் போர்க்கள மருத்துவம் எட்டியிருக்கும் உயரம் மலைக்க வைக்கிறது. ஆனால், அந்தச் செய்தியைக் கைமாற்றும் வேலையில் மட்டும் அது நெடுங்காலம் தடுமாறியது. அந்தத் தடுமாற்றத்துக்கு வீரர்களும் அவர்களுடைய அம்மாக்களும் மனைவிகளும் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட அமெரிக்க வீரர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேர் இறந்தார்கள். வியட்நாமில் 24 சதவீதம். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அது சுமார் 10 சதவீதத்துக்கு இறங்கியது. குண்டுகளின் வலிமை இதற்கிடையில் குறைந்துவிடவில்லை. சாலையோரம் புதைத்துவைக்கப்பட்ட வெடிகள் கவச வண்டியையே தூக்கி எறிந்தன. அப்படியும் ஆட்கள் பிழைத்தார்கள்.

பிழைக்க வைத்தவற்றில் முதலாவது ஒரு எளிய பட்டை. டூர்னிக்கெட் என்று சொல்லப்படும் இறுக்குப்பட்டையைக் கட்டினால் கைகால் அழுகிப் போகும், வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் கட்டு என்றுதான் பல காலம் சொல்லிக் கொடுத்தார்கள். ஈராக் போரின்போது அந்தப் பாடம் தலைகீழாக மாறியது. ரத்தம் வடிந்து ஆள் துவண்டுபோவதற்கு முன்பே கட்டிவிட்டால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள், துவண்ட பிறகு கட்டினால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை என்று களத்துப் பதிவேடுகள் காட்டின. ஒரே கையால் தனக்குத்தானே கட்டிக்கொள்ளும்படி வடிவமைத்த பட்டையை ஒவ்வொரு வீரரும் கூடவே வைத்திருந்தார். அடுத்தது நேரம். ஆப்கானிஸ்தானில் காயம்பட்டவரை 60 நிமிடத்துக்குள் அறுவைச் சிகிச்சை மேசைக்குக் கொண்டுவந்தாக வேண்டும் என்று 2009இல் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் உத்தரவிட்டார்.

மேசைக்கு வந்த பிறகு நடந்ததும் நாம் நினைக்கிற மாதிரியான ஆபரேஷன் அல்ல. களத்து அறுவை மருத்துவர் வயிற்றைத் திறந்து ரத்தப்போக்கை நிறுத்துவார், கிழிந்த குடலின் முனைகளை மூடுவார், துணித்திண்டுகளை வைத்து அடைப்பார். அதற்கு மேல் எதையும் சரிசெய்ய முயலமாட்டார். பல நேரம் வயிற்றைத் தைக்கக்கூட மாட்டார்கள். மேலே ஓர் உறையை ஒட்டி அடுத்த மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். ரத்தம் இழந்து குளிர்ந்துபோன உடல் நீண்ட அறுவைச் சிகிச்சையைத் தாங்காது என்பதால், மிச்ச வேலை அடுத்த மருத்துவருக்கு, அதற்கும் மிச்சம் அதற்கடுத்தவருக்கு. ஜெர்மனியில் உள்ள லாண்ட்ஸ்டூல் ராணுவ மருத்துவமனை இடையில் ஒரு நிறுத்தம். அங்கே போகும் ராணுவ விமானத்தில் ஒரு தீவிர சிகிச்சை மருத்துவர், ஒரு செவிலியர், சுவாசக் கருவியைப் பார்த்துக்கொள்ள ஒரு வல்லுநர் என மூன்று பேர் கூடவே பறப்பார்கள். விமானத்தின் இரைச்சலில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் ஒன்றும் கேட்காது. திரையில் ஓடும் கோடுகளையும், நெஞ்சு ஏறி இறங்குவதையும் பார்த்தே கடல் கடந்து ஓர் உயிரைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வியட்நாமில் அடிபட்டவர் அமெரிக்க மண்ணை அடையச் சராசரியாக 45 நாள் ஆனது. ஈராக் போரில் நான்கு நாளுக்கும் குறைவு.

நான்கு நாளில் நான்கு மருத்துவமனைகள். ஒவ்வொன்றிலும் புதிய முகங்கள். உள்ளே எத்தனை துணித்திண்டு வைத்திருக்கிறது, எந்த ரத்தக் குழாய்க்குத் தற்காலிகக் குழல் போட்டிருக்கிறது என்பது அடுத்தவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஈராக் போரின் தொடக்க ஆண்டுகளில் காகிதக் கோப்புகள் வழியில் தொலைந்தன. கணினிப் பதிவுகள் வந்து சேரவில்லை. மருத்துவர்கள் மார்க்கர் பேனாவை எடுத்துக் கட்டின் மேலேயே எழுதி அனுப்பினார்கள். நெற்றியில் எழுதிய அந்தச் சிப்பாய் கையாண்ட அதே வழி. பிற்பாடு காயங்களுக்கென்று பொதுப் பதிவேடு ஒன்று உருவானது. களத்து மருத்துவர்களும் ஜெர்மனியில் இருந்தவர்களும் அமெரிக்காவில் இருந்தவர்களும் வாரம் ஒரு முறை காணொளியில் கூடி ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் பேசத் தொடங்கினார்கள். பாக்தாதில் தான் கட்டி அனுப்பிய கால் என்ன ஆயிற்று என்று அங்கிருந்த மருத்துவர் அதே வாரத்தில் தெரிந்துகொண்டார். மருந்தோ கருவியோ சம்பந்தப்படாத, வெறும் பேச்சாலான இந்த ஏற்பாட்டை அந்தப் போர்களின் பெரிய மருத்துவக் கண்டுபிடிப்புகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

ஆனால் இதெல்லாம் உயிரைக் காப்பாற்றும் வரைக்கும்தான்.

முந்தைய போர்களாக இருந்தால் களத்திலேயே இறந்திருக்கக் கூடியவர்கள் உயிரோடு ஊர் வந்து சேர்ந்தபோது மருத்துவம் அதுவரை அதிகம் பார்த்திராத நோயாளிகளைச் சந்தித்தது. இரண்டு கால்களும் இல்லை, ஒரு கையில் நரம்பு அறுந்திருக்கிறது, செவிப்பறை கிழிந்திருக்கிறது, மூளை அதிர்ந்திருக்கிறது, இரவில் தூக்கம் இல்லை. இத்தனையும் ஒரே ஆளுக்கு. இவற்றில் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வேகத்தில் ஆறுகிறது. மீட்சி என்பது எவ்வளவு சிக்கலானது என்று புரிந்துகொள்ள இந்த வேகங்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

தோல் சில வாரங்களில் மூடிக்கொள்ளும். எலும்பு கூடச் சில மாதம். அறுந்த நரம்பைத் தைத்துவிட்டால் அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வீதம் வளர்கிறது. தோளில் அறுந்த நரம்பு விரல் நுனிக்குப் போய்ச் சேர 700 மில்லிமீட்டர் போக வேண்டும் என்று வைத்துக்கொண்டால் இரண்டு வருடம். அதற்குள், கட்டளை வந்து சேராத கைத்தசை மெலிந்து, ஒன்றரை வருடத்துக்குப் பிறகு நரம்பு வந்து தொட்டாலும் எழுந்திருக்காத நிலைக்குப் போய்விடலாம். ஆகவே அறுவைச் சிகிச்சை நிபுணர் இன்றைக்கே முடிவெடுக்க வேண்டும்: காத்திருப்பதா, பக்கத்தில் இருக்கும் வேறொரு நரம்பை எடுத்து ஒட்டுவதா?

வெட்டுண்ட காலின் அடிப்பாகம் முதல் ஒரு வருடம் சுருங்கிக்கொண்டே வரும். அதனால் செயற்கைக் காலின் கிண்ணத்தைத் திரும்பத் திரும்ப மாற்றிச் செய்ய வேண்டும். அதோடு போகாது. வெடியில் காலை இழந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, எலும்பே இருக்கக் கூடாத சதைக்குள் புது எலும்பு முளைக்கிறது. குண்டின் அதிர்வு உடலின் செல்களுக்குத் தவறான செய்தியைக் கொடுத்துவிடுகிறது. சதை எலும்பாகத் தொடங்குகிறது. ஒழுங்காக நடை பழகிக்கொண்டிருந்தவருக்கு ஒரு நாள் கிண்ணத்துக்குள் குத்துகிறது. ஸ்கேன் எடுத்தால் பவளம்போல் எலும்பு. திரும்ப ஆபரேஷன், திரும்ப முதலிலிருந்து நடைப்பயிற்சி.

மனம் இன்னும் தாமதமாகக் கணக்குத் தீர்க்கிறது. வால்ட்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் கடும் காயத்தோடு சேர்க்கப்பட்ட வீரர்களை ஆராய்ந்து 2006இல் ஓர் ஆய்வறிக்கை வந்தது. அடிபட்ட முதல் மாதத்தில் நூற்றுக்கு நான்கு பேருக்குத்தான் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயின் அறிகுறிகள் இருந்தன. நான்காம் மாதத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு. ஏழாம் மாதத்தில் அந்த நோயோ மனச்சோர்வோ இருந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தார்கள். டிஸ்சார்ஜ் செய்யும் அன்று கேட்டிருந்தால் “எனக்கு ஒன்றுமில்லை” என்று அவர்கள் உண்மையாகவே சொல்லியிருப்பார்கள். ஆறு மாதம் கழித்து யார் போய்க் கேட்பது?

எலும்பு மருத்துவருக்கு எலும்பின் நாட்காட்டி தெரியும். மனநல மருத்துவருக்கு மனதின் நாட்காட்டி. ஓய்வூதியம் கணக்கிடும் அலுவலகத்துக்கு நிதியாண்டின் நாட்காட்டி. இத்தனையும் ஒரே உடம்புக்குள் ஓடுகிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. இதன் விளைவு 2007 பிப்ரவரியில் வெளியே வந்தது.

‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழின் டேனா பிரீஸ்ட், ஆன் ஹல் என்ற இரு செய்தியாளர்கள் தலைநகரில் இருந்த வால்ட்டர் ரீட் மருத்துவமனையின் வெளிநோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அப்போது அங்கே உள்நோயாளி ஒருவருக்கு 17 வெளிநோயாளிகள் என்ற விகிதம். படுக்கையை விட்டு எழுந்துவிட்டவர்கள், ஆனால் வீட்டுக்குப் போகும் நிலையில் இல்லாதவர்கள். ஏறக்குறைய 700 பேர். சிலர் எதிரே இருந்த பழைய விடுதிக் கட்டடமான ‘18ஆம் எண் கட்டட’த்தில் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். சுவரில் பூஞ்சை, அறையில் எலி, கரப்பான். படங்களில் உலகம் பார்த்தது அந்தச் சுவரைத்தான். எனக்கு அந்தச் செய்தியில் சுவரைவிட அதிகமாக உறைத்தது வேறொன்று. ஒரு வீரர் அந்த மருத்துவ நடைமுறைக்குள் நுழைந்து வெளியே வர எட்டு வெவ்வேறு அலுவலகங்களுக்கு 22 ஆவணங்கள் கொடுக்க வேண்டியிருந்தது. அவற்றைக் கையாள 16 கணினி அமைப்புகள். அவற்றில் பெரும்பாலானவை ஒன்றோடொன்று பேசாது. விமானத்தில் ஏற்றும்போது தொலைந்துபோன சீருடைக்குப் பதிலாக வேறு கேட்ட ஒரு வீரர், தான் ஈராக்கில் இருந்ததையே நிரூபிக்க வேண்டி வந்தது. போரில் காயம்பட்டவர்களுக்குத் தரும் பதக்கத்தைக் கொண்டுவந்து காட்டினார். தலையில் குண்டடிபட்டு ஒரு கண்ணை இழந்த இன்னொருவரிடம் வளாகத்தின் வரைபடத்தைக் கொடுத்துத் தங்கும் அறையைத் தானே தேடிக்கொள்ளச் சொன்னார்கள்.

இதைக் கொடுமை என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகக் கூடாது. நரம்பியலைக் கொண்டு பார்த்தால் இதன் அபத்தம் இன்னும் துலங்கும். வெடியின் அழுத்த அலை மண்டை ஓட்டுக்குள் மூளையைக் குலுக்கும்போது எளிதில் பாதிக்கப்படும் இடங்களில் ஒன்று நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. அடுத்து என்ன செய்ய வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும், நாளைக்கு எத்தனை மணிக்கு எங்கே போக வேண்டும் என்று திட்டமிடுவது அதன் வேலை. 2000ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்கப் படைகளில் மூளைக்காயம் என்று கண்டறியப்பட்டவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். பயிற்சியிலும் வாகன விபத்திலும் அடிபட்டவர்களும் இதில் உண்டு. பெரும்பாலானவை லேசான காயங்கள். லேசான காயமே சில மாதம் நினைவையும் கவனத்தையும் கலைத்துவிடும். ஆக, எந்தத் திறமை குண்டில் போயிற்றோ அதே திறமையைக் கொண்டு 22 ஆவணங்களை நிரப்பச் சொன்னது அந்த அமைப்பு.

அதே 2007இல், அதே வால்ட்டர் ரீடில் வேறொன்றும் நடந்தது. இழந்த கால் இன்னும் இருப்பதுபோலவும், அது முறுக்கி வலிப்பதுபோலவும் தோன்றும் மாய வலியால் துடித்த வீரர்களின் இரு கால்களுக்கும் நடுவே ஒரு கண்ணாடியை நிறுத்தினார்கள். இருக்கும் காலை அசைத்தால் கண்ணாடியில் அதன் பிம்பம், இல்லாத கால் இருக்க வேண்டிய இடத்தில் அசையும். தினம் 15 நிமிடம், நான்கு வாரம். கண்ணாடியைப் பார்த்துப் பயிற்சி செய்த குழுவில் அத்தனை பேருக்கும் வலி குறைந்தது. அளவில் சிறிய ஆய்வுதான், ஆனாலும் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இந்தக் கண்ணாடி உத்தியை 1990களில் முதலில் கண்டவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன். இல்லாத காலின் வலியை ஒரு கண்ணாடியால் தணிக்கும் அளவுக்கு நுட்பம் தெரிந்த இடத்தில், இருக்கிற மனிதர் எந்த அறைக்குப் போக வேண்டும் என்று கையைப் பிடித்துக் கூட்டிச்செல்ல ஆள் இல்லை. அங்கே அறிவுக்குப் பஞ்சமில்லை. அந்த அறிவையெல்லாம் ஓர் ஆளிடம் கொண்டு சேர்ப்பது யார் வேலை என்று யாருமே எழுதி வைத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

செய்தி வந்த சில நாட்களில் மருத்துவமனையின் தலைமை அதிகாரி நீக்கப்பட்டார். ராணுவத் துறைச் செயலர் பதவி விலகினார். மார்ச் மாதம் அதிபர் புஷ் ஓர் ஆணையம் அமைத்தார். அதன் இரு தலைவர்களில் ஒருவர் முன்னாள் சுகாதாரத் துறைச் செயலர் டோனா ஷலேலா. மற்றவர், நெற்றியில் ரத்த எழுத்தோடு ஒன்பது மணி நேரம் கிடந்த பாப் டோல்.

டோலுக்கு இந்த விஷயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர் மீண்டு வர மூன்று ஆண்டுகளுக்கும் மேல் ஆனது. ஒரு சிறுநீரகம் போயிற்று. மிச்சிகனில் உள்ள பேட்டில் கிரீக் நகர ராணுவ மருத்துவமனையில் நெடுநாள் கிடந்தார். அதே மருத்துவமனையில் வலது கையை இழந்த டேனியல் இனோயே இருந்தார், நார்மண்டியில் அடிபட்ட ஃபிலிப் ஹார்ட் இருந்தார். மூவரும் பிற்காலத்தில் செனட்டர்கள் ஆனார்கள். இன்று அந்தக் கட்டடத்துக்கு மூவர் பெயரும் வைக்கப்பட்டிருக்கிறது. டோலின் கையைச் சீரமைக்கச் சிக்காகோவில் ஹாம்பர் கெலிக்கியன் என்ற ஆர்மீனிய மருத்துவர் தம் கட்டணத்தை வாங்காமல் ஆபரேஷன் செய்தார். மருத்துவமனைச் செலவுக்கு, டோலின் சொந்த ஊரான ரஸ்ஸலில் ஒரு சுருட்டுப் பெட்டியை வைத்து ஊர்க்காரர்கள் 1,800 டாலர் சேர்த்துக் கொடுத்தார்கள். அப்படியும் வலக்கை முழுமையாகத் திரும்பவில்லை. யாரும் கைகுலுக்க நீட்டிவிடாமல் இருக்க வாழ்நாள் முழுதும் அந்தக் கையில் ஒரு பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தார். நல்ல மருத்துவர், நல்ல ஊர், தற்செயலாகக் கிடைத்த துணை. இவை எல்லோருக்கும் வாய்க்காது என்பது அவருக்குத் தெரியும்.

2007 ஜூலையில் ஆணையம் ஆறு பரிந்துரைகளைத் தந்தது. முதல் பரிந்துரை: கடுமையாகக் காயம்பட்ட ஒவ்வொருவருக்கும் முழுமையான மீட்சித் திட்டம் ஒன்று எழுதப்பட வேண்டும், அதை நடத்திக்கொடுக்க ஒரு ஒருங்கிணைப்பாளர் வேண்டும். 2008 ஜனவரியில் சட்டம் வந்தது. 2009 டிசம்பரில் பாதுகாப்புத் துறை விதிகளை வகுத்தது. ஆறு மாதத்துக்குள் பணிக்குத் திரும்பக் கூடியவர்கள் முதல் வகை. திரும்புவது சந்தேகம் என்றால் இரண்டாம் வகை. திரும்ப வாய்ப்பே அநேகமாக இல்லை என்றால் மூன்றாம் வகை. பின்னிரு வகையினருக்கும் ஒருங்கிணைப்பாளர் கட்டாயம். ஓர் ஒருங்கிணைப்பாளரிடம் 40 பேருக்கு மேல் ஒப்படைக்கக் கூடாது. இந்த 40 என்ற எண்ணை நான் மிகவும் மதிக்கிறேன். பொறுப்பு என்பது மனித மூளை நினைவில் வைத்துக்கொள்ளக் கூடிய அளவுக்குள் இருக்க வேண்டும் என்று ஓர் அரசாங்கமே விதியில் எழுதியது பெரிய விஷயம்.

இந்த ஒருங்கிணைப்பாளர் மருந்து எழுதமாட்டார், கத்தியைத் தொடமாட்டார். நம் ஊர்க் கல்யாண வீட்டில் சமையலுக்கும் பந்தலுக்கும் மேளத்துக்கும் தனித்தனி ஆள் இருந்தாலும், மஞ்சள் பையும் சாவிக்கொத்தும் வைத்துக்கொண்டு எல்லாம் தெரிந்த ஒரு சித்தப்பா இருப்பாரே, அவருடைய வேலை. காயம்பட்டவரோடும் குடும்பத்தோடும் உட்கார்ந்து முதலில் கேட்பது, “உங்களுக்கு என்ன ஆக வேண்டும்?” என்பதைத்தான்.

ஓர் உதாரணத்தை நாமே கற்பனை செய்து பார்க்கலாம். இடது முழங்காலுக்குக் கீழே இழந்த ஒரு இளைஞர். லேசான மூளைக்காயம். மனைவி வேலையை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு அருகில் தங்கியிருக்கிறார், கைக்குழந்தை மாமியாரிடம். “படையிலேயே இருக்க வேண்டும்” என்கிறார் அவர். திட்டத்தில் அது குறிக்கோளாக ஏறும். அதன் கீழே, நடைப்பயிற்சி எப்போது, யார் பொறுப்பு. நினைவுத்திறன் சிகிச்சை வாரம் எத்தனை முறை. இரண்டும் ஒரே நாள் காலையில் மோதாமல் யார் பார்த்துக்கொள்வது. மனைவியின் தங்கும் செலவுக்கு எந்தப் படிவம். காப்பீட்டுத் தொகை எந்தத் தேதியில். வீட்டு வாசற்படியைச் சரிவாக மாற்ற யாரிடம் பேசுவது. படைக்குத் திரும்ப முடியாமல் போனால் மாற்றுப் படிப்பு என்ன என்று வரிசையாக வரும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு பெயரும் ஒரு தேதியும். இரவில் பயந்து எழுகிறார் என்று மனைவி நான்காம் மாதத்தில் தற்செயலாகச் சொன்னால், அது மனநல மருத்துவர் காதுக்கு அன்றே போகும். திட்டத்தின் நகல் வீரரிடமே இருக்கும். ஒருங்கிணைப்பாளர் மாறும்போது பழையவர் புதியவரிடம் முறைப்படி ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

மனைவியின் உழைப்புக்கும் பின்னால் மதிப்பு வந்தது. 2010இல் இயற்றப்பட்ட சட்டம், கடும் காயம்பட்ட வீரரை வீட்டில் கவனித்துக்கொள்ளும் உறவினருக்கு மாதந்தோறும் உதவித்தொகையும் பயிற்சியும் மருத்துவக் காப்பீடும் தந்தது. இது கருணையாகச் செய்யப்பட்டதல்ல. வீட்டில் ஒருவர் அந்த வேலையைச் செய்யாவிட்டால் மருத்துவமனைதான் செய்தாக வேண்டும் என்பதை அரசு ஒப்புக்கொண்டது.

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. தரைப்படை, கடற்படை, விமானப்படை, மரைன் படை, சிறப்புப் படை ஆகிய ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு திட்டத்தை வைத்துக்கொண்டது. முன்னாள் படைவீரர் துறை வேறு ஒருங்கிணைப்பாளர்களை நியமித்தது. 2011இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு ஒரு விஷயத்தை எடுத்துச் சொன்னது. கைகால்கள் பலவற்றை இழந்த ஒரு வீரருக்கு இரண்டு ஒருங்கிணைப்பாளர்கள். ஒருவர், படையிலிருந்து விலகினால்தான் உங்களுக்கு வேண்டிய சேவைகள் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொருவர், படையிலேயே நீடிப்பதைக் குறிக்கோளாக எழுதி வைத்திருந்தார். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. அந்தக் குடும்பம் எந்தப் பக்கம் போகும்? பாதுகாப்புத் துறைக்கும் முன்னாள் படைவீரர் துறைக்கும் பொதுவான மின்னணு மருத்துவப் பதிவேட்டை உருவாக்கும் முயற்சியும் ஏறக்குறைய 100 கோடி டாலரை விழுங்கிய பிறகு 2013இல் கைவிடப்பட்டது. ஒருங்கிணைப்பாளர்களை அதிகமாக்குவது ஒருங்கிணைப்பு ஆகாது என்பதை அந்த நாடு பணத்தாலும் காலத்தாலும் கற்றுக்கொண்டது.

இதற்கு எவ்வளவோ முன்பு, 1944 பிப்ரவரியில், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் இதை வேறு விதமாகச் செய்து காட்டியிருந்தார். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூத நரம்பியல் மருத்துவர் அவர். முதுகுத்தண்டு முறிந்த வீரர்கள் அதுவரை இறப்பதற்காகவே படுக்கவைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களைக் கொன்றது முறிவு அல்ல. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். எலும்பைப் பார்த்தவர் தோலைப் பார்க்கவில்லை. தோலைப் பார்த்தவர் சிறுநீர்ப்பையைப் பார்க்கவில்லை. குட்மன் எல்லாவற்றையும் ஒரே பிரிவில் ஒரே பொறுப்பின் கீழ் கொண்டுவந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இரவிலும். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு அவரே வந்து சரிபார்த்தார். புண்கள் ஆறின. ஆட்கள் பிழைத்தார்கள். பிழைத்தவர்களுக்கு மரவேலையும் வில்வித்தையும் கற்பித்தார். 1948 ஜூலை 29 அன்று மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து அம்பெய்தார்கள். இன்றைய பாராலிம்பிக்கின் ஆரம்பம் அது. 1965 போரில் முதுகெலும்பில் குண்டு பாய்ந்த நம் ராணுவ வீரர் முரளிகாந்த் பெட்கர், 1972இல் ஹைடல்பர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றது அந்தப் பாதையில்தான். பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம்.

நம் நாட்டிலும் இதற்கான இடங்கள் உண்டு. புனேயில் 1944இல் தொடங்கப்பட்ட செயற்கை உறுப்பு மையம் இருக்கிறது. அதே ஊரின் கட்கி பகுதியில், இடுப்புக்குக் கீழே செயலிழந்த வீரர்களுக்கான மறுவாழ்வு மையம் 1974 முதல் இயங்குகிறது. தமிழ்நாட்டின் மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன. புனேயிலிருந்து ரயிலேறிச் சொந்த ஊருக்கு வருகிற ஒரு சிப்பாயை இந்த மூன்றுக்கும் நடுவே கைபிடித்துக் கொண்டுபோக 40 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆள் வேண்டும். அது செலவு அதிகம் பிடிக்கிற காரியமும் அல்ல.

இந்தப் பாடம் ராணுவத்தோடு நிற்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் சாலை விபத்தில் அடிபட்டவரை 108 ஆம்புலன்ஸ் தூக்கி வருகிறது. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். மிக நல்ல ஏற்பாடு. 49ஆம் மணியிலிருந்து அந்த நரம்பு வளர இரண்டு வருடம் இருக்கிறது. பிசியோதெரபி ஓரிடம், ஸ்கேன் ஓரிடம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை ஓரிடம், இழப்பீட்டு வழக்கு நீதிமன்றத்தில். கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைவது பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்தான்.

உங்கள் வீட்டில் யாராவது பெரிய காயத்திலிருந்து பிழைத்து டிஸ்சார்ஜ் ஆகும் நாளில், மருந்துச் சீட்டைக் கையில் வாங்கியதும் எழுந்துவிடாதீர்கள். இனி எல்லாவற்றுக்கும் நாங்கள் யாரிடம் கேட்க வேண்டும் என்று கேளுங்கள். ஒரு பெயர், ஒரு தொலைபேசி எண். அதை அந்தச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத முடியாது என்றால் வீட்டிலேயே ஒருவரை அன்றைக்கே நியமித்து, ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்துவிடுங்கள்.